பருத்தித் தோட்டத்தில் மோனோகுரோட்டோபாஸ்

மோனோகுரோட்டோபாஸ் ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்த பூச்சிக்கொல்லி. 1965இல் சந்தைக்கு வந்தது. சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் அதை நுவக்ரான் என்றும், ஷெல் நிறுவனம் அசோட்ரின் என்றும் பெயரிட்டு விற்றன. பின்னர் இந்தியாவிலேயே பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதும் விலை இறங்கியது. பூச்சிமருந்துக் கடைகளில் 'மோனோ' என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு அன்றாடச் சரக்கானது. திருப்பூர், பல்லடம், அவினாசி, தாராபுரம், உடுமலை வட்டாரங்களில் பருத்தியோடும் தென்னையோடும் பல பத்தாண்டுகள் கலந்திருந்த இந்த மருந்தை மத்திய அரசு 2023 செப்டம்பர் இறுதியில் தடை செய்தது. எந்தக் குணங்களுக்காக உழவர்கள் இதை விரும்பினார்களோ அதே குணங்கள்தாம் இதைத் தெளித்தவர்களின் உயிருக்கும் உலை வைத்தன. இதன் வேதியியல், பயன்பாடு, நச்சுத்தன்மை எதைப் பேசினாலும் பேச்சு அங்கேதான் வந்து நிற்கிறது.

திருப்பூர் பனியன் ஊராவதற்கு முன்பே பருத்திச் சந்தை ஊர். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சென்னை மாகாண வேளாண் துறை கொண்டுவந்த கம்போடியா பருத்தி, கவலை இறைத்துப் பாசனம் செய்த கோவை மாவட்டத்துத் தோட்டங்களில் நன்றாக ஊன்றிக்கொண்டது. உள்ளூர் கருங்கண்ணியையும் உப்பத்தையும்விட அதன் இழை நீளம், விலையும் கூடுதல். அரைவை ஆலைகள் திருப்பூரைச் சுற்றி எழுந்தன. 1933ஆம் ஆண்டின் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டப்படி மாகாணத்தின் முதல் ஒழுங்குமுறைச் சந்தை 1936இல் இங்கேதான் பருத்திக்காக அமைந்தது. பனியன் தொழில் 1925 வாக்கில் சிறிய அளவில் தொடங்கியது. அதன் வளர்ச்சிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பருத்தியும் நூலும் கிடைத்தது பெரிய துணை.

புதிய பருத்தியோடு புதிய தொல்லையும் வந்தது. கம்போடியா செடியைப் பிடுங்காமல் விட்டால் ஆண்டு கடந்தும் நிற்கும். மறுதாம்பில் கொஞ்சம் காயும் கிடைக்கும். அந்த ஆசையில் விட்டுவைத்த செடிகளே தண்டுக் கூன்வண்டுக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கும் கோடைக்கால வீடாயின. இதற்கு அரசு கண்ட வழி நஞ்சு அல்ல, சட்டம். 1919இல் சென்னை வேளாண் பூச்சி, நோய்கள் சட்டம் வந்தது. அதன் கீழ் கோவை மாவட்டத்தில் ஆகஸ்டு தொடங்குவதற்குள் பழைய பருத்திமாரைப் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும் என்று விதித்தார்கள். நிலத்தில் பருத்தியே இல்லாத சில வாரங்கள் கிடைத்தால் புழுவின் வாழ்க்கைச் சங்கிலி அறுந்துபோகும் என்பதுதான் கணக்கு. பூச்சியின் பழக்கத்தைத் தெரிந்துகொண்டு போட்ட இந்தத் திட்டம், பிறகு வந்த மருந்துகள் பலவற்றைக் காட்டிலும் அறிவார்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஊர் முழுதும் ஒரே நேரத்தில் செய்தால்தான் பலன் என்பது அதன் கடினம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி.யும் பி.எச்.சி.யும் தூளாக வந்து இறங்கின. அடுத்து வந்தவை ஆர்கனோபாஸ்பேட்கள். இவற்றின் தொடக்கம் ஜெர்மனியின் ஐ.ஜி. பார்பன் நிறுவனத்தில். 1930களில் அங்கே பூச்சிகளுக்குப் புதிய மருந்து தேடிய வேதியியலாளர் கெர்ஹார்ட் ஷ்ராடர், பாஸ்பரஸ் சேர்மங்களைச் சோதித்தபோது 1936இல் தபூன், 1938இல் சாரின் ஆகிய போர் நச்சு வாயுக்களைக் கண்டார். 1944இல் அதே ஆய்வில் பிறந்த பாரத்தியான் போருக்குப் பிறகு உலகெங்கும் வயல்களில் தெளிக்கப்பட்டது; இந்தியாவில் அதற்கு ஃபோலிடால் என்று பெயர். மோனோகுரோட்டோபாஸ் இந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறை.

வேதியியலில் அது டைமெத்தில் பாஸ்பேட் ஒன்றின் எஸ்டர். நடுவில் ஒரு பாஸ்பரஸ் அணு. அதனோடு இரட்டைப் பிணைப்பில் ஓர் ஆக்சிஜன், இரண்டு மெத்தாக்சி தொகுதிகள், இவற்றோடு குரோட்டோனமைடு என்னும் பகுதி. தூய நிலையில் நிறமற்ற படிகம். 54 பாகை செல்சியஸ் அளவில் உருகும். ஆலையில் கிடைக்கும் தொழில்தரப் பொருளோ கரும்பழுப்பான, பாதி திடமான கூழ். பாரத்தியான், குளோர்பைரிபாஸ் போன்றவற்றில் பாஸ்பரஸோடு இரட்டைப் பிணைப்பில் இருப்பது கந்தகம். அவை உடலுக்குள் போய்க் கல்லீரலில் ஆக்சிஜன் வடிவத்துக்கு மாறிய பிறகே முழு வேகத்தில் தாக்கும். மோனோகுரோட்டோபாஸுக்கு அந்த இடைப்படி தேவையில்லை. பிறக்கும்போதே அது செயல்படும் வடிவத்தில் இருக்கிறது.

இரண்டாவது குணம், தண்ணீரில் தாராளமாகக் கரைவது. டி.டி.டி. தண்ணீரில் கரையாது. மோனோகுரோட்டோபாஸை 36 சதவீதக் கரைசலாகப் புட்டியில் அடைத்து விற்றார்கள். டேங்க் தண்ணீரில் ஊற்றிக் குச்சியால் கலக்கினால் போதும். தண்ணீரில் கரைவதால் இலை அதை உறிஞ்சிக்கொள்ளும், சாற்றோடு செடி முழுதும் ஓடும். இலையின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் அசுவினி, தத்துப்பூச்சி, இலைப்பேன், வெள்ளை ஈ எல்லாம் மருந்து நேரே மேலே படாவிட்டாலும் சாகும். இலையைத் தின்னும் புழுவும் சாகும். ஒரே புட்டியில் இத்தனை பூச்சிக்கும் தீர்வு என்பதுதான் அது விற்றதற்குக் காரணம்.

மூன்றாவது, சிதைவு. இந்தச் சேர்மம் ஆண்டுக்கணக்கில் மண்ணில் தங்குவதில்லை. காரத்தன்மை கூடக் கூட வேகமாகச் சிதையும். 20 பாகை வெப்பத்தில், அமிலத்தன்மையுள்ள நீரில் பாதி அழிய ஏறத்தாழ 96 நாள். காரத்தன்மை மிகுந்த நீரில் 17 நாளே. நீண்ட நாள் தங்கும் டி.டி.டி. பற்றி உலகம் கவலைப்படத் தொடங்கியிருந்த 1960களில் இது ஒரு நற்சான்றாகவே பேசப்பட்டது. நஞ்சு சீக்கிரம் போய்விடும் என்பது உண்மை. போவதற்குள் என்ன செய்யும் என்பது வேறு கேள்வி.

பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத் தண்ணீர் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காடுகளுக்கு வந்த காலமும், கோவையில் எம்.சி.யு. வரிசைப் பருத்தி இரகங்கள் உருவான காலமும் இந்த மருந்தின் காலமும் ஒன்றாக அமைந்தன. எம்.சி.யு. 5 1968இல் வெளியானது. 1970இல் குஜராத்தின் எச் 4, 1972இல் தார்வாடின் வரலட்சுமி ஆகிய வீரிய ஒட்டுகள் தொடர்ந்தன. உரமும் தண்ணீரும் ஏற ஏற இலை தழைத்தது. தழைத்த இலைக்குச் சாறு உறிஞ்சிகள் படையெடுத்தன. முளைத்த மூன்றாம் வாரத்தில் அசுவினிக்கு ஒரு முறை, பிறகு தத்துப்பூச்சிக்கு, சப்பை வைத்ததும் காய்ப்புழுவுக்கு என்று மருந்தடிப்பது பயிர் வேலைகளில் ஒன்றாகிப் போனது.

தெளிப்பு நடந்த விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஆபத்து எங்கே இருந்தது என்பது தெரியும். புட்டி மூடியே அளவுகோல். வாய்க்கால் ஓரத்தில் குந்தியபடி மருந்தை ஊற்றிக் கலக்கும்போது விரலில் படும் துளிதான் மிக அடர்த்தியானது, ஏனென்றால் அது இன்னும் தண்ணீர் சேராத மருந்து. முதுகில் ஏற்றிய டேங்கின் மூடி தளர்ந்திருந்தால் கரைசல் சட்டையில் கசிந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். செடி இடுப்புயரம் தாண்டிய பின் தெளித்த வரிசைக்குள்ளேயே நடந்து முன்னேறுவதால் ஈரமான இலை கை, தொடை, வயிறெங்கும் உரசும். நுனிக்குழாய் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதிச் சரிசெய்வதும் உண்டு. வேர்வையில் நனைந்த தோல் வழியே இந்த மருந்து உள்ளே போகும். கையுறையும் ரப்பர் பூட்சும் புட்டியோடு வந்த துண்டுத்தாளில் படமாக இருந்தன. ஏப்ரல் வெயிலில் அவற்றைப் போட்டுக்கொண்டு வேலை செய்வது நடக்காத காரியம் என்பது அந்தத் தாளை அச்சிட்டவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தென்னையில் பயன்பாடு வேறு முறையில் நடந்தது. கருந்தலைப் புழுவுக்கு மருந்தை மரத்தின் மேலே தெளிப்பது இயலாது. ஆகவே வேர் வழியே ஊட்டினார்கள். பென்சில் பருமனுள்ள, செம்பழுப்பு நிறத்து இளவேர் ஒன்றைத் தோண்டி எடுத்து, நுனியைச் சாய்வாகச் சீவி, மருந்தும் தண்ணீரும் சம அளவு கலந்த சிறு பாலித்தீன் பைக்குள் அதை நுழைத்து, பை வாயைக் கட்டி மண் மூடிவிடுவார்கள். நல்ல வேராக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் பை காலி. 1998இல் கேரளத்தில் எர்ணாகுளம் பக்கம் முதலில் தென்பட்ட ஈரியோபைட் சிலந்தி உடுமலை, பொள்ளாச்சித் தோப்புகளுக்குப் பரவியபோது இந்த வேரூட்டம் மீண்டும் பெரிதாகப் புழக்கத்துக்கு வந்தது. மருந்து கட்டுவதற்கு முன் முற்றிய காய்களை இறக்கிவிட வேண்டும், பிறகு 45 நாள் காய் பறிக்கக் கூடாது என்பது விதி. செடிக்குள் ஓடும் என்ற அதே குணம் இளநீருக்குள்ளும் ஓடும் என்பதால் வந்த விதி அது. தோப்பைக் குத்தகைக்கு விட்டவரும், மருந்து கட்டியவரும், காய் வாங்க வந்த வியாபாரியும் வேறு வேறு ஆட்களாக இருந்தபோது அந்த 45 நாளை யார் எண்ணுவது என்பதில்தான் சிக்கல்.

பூச்சியையும் மனிதரையும் இந்த நஞ்சு தாக்கும் இடம் ஒன்றே. நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும்போது அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. கட்டளை முடிந்ததும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை உடைத்து அகற்றுகிறது. ஆர்கனோபாஸ்பேட் அந்த நொதியின் செயல்படும் இடத்தில் பாஸ்பரஸ் தொகுதியை ஒட்டிவிடுகிறது. உடைக்க ஆளில்லாமல் அசிட்டைல்கோலின் தேங்கும். நரம்புக் கட்டளை நிற்காது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, எச்சிலும் கண்ணீரும் வழிவது, வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு, நெஞ்சில் சளி நிறைவது, நாடி தளர்வது, தசை துடிப்பது எல்லாம் இந்தத் தேக்கத்தின் விளைவுகள். முடிவில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகும். உலக சுகாதார நிறுவனம் மோனோகுரோட்டோபாஸை 'மிகுந்த ஆபத்து' என்னும் முதல் வகுப்பின் 'பி' பிரிவில் வைத்திருக்கிறது.

சிகிச்சை என்பது முதலில் துணியைக் களைந்து சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுவது, அடுத்து அட்ரோபின். அட்ரோபின் நொதியை மீட்காது, தேங்கிய அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும். நெஞ்சில் சளியின் இரைச்சல் அடங்கும்வரை, நாடி ஏறும்வரை மருந்தின் அளவைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை கூட்டிக்கொண்டே போவார்கள். பிராலிடாக்சிம் என்ற மற்றொரு மருந்து நொதியில் ஒட்டிய பாஸ்பரஸைப் பிரித்தெடுக்க முயலும். ஆனால் அதற்குக் கால எல்லை உண்டு. ஒட்டிய தொகுதி நேரம் ஆக ஆக இறுகிவிடும்; டைமெத்தில் வகைச் சேர்மங்களில் சில மணி நேரத்திலேயே பாதி நொதி இப்படி இறுகிவிடுகிறது. மோனோகுரோட்டோபாஸ் டைமெத்தில் வகை. பல்லடத்துக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து அரசு மருத்துவமனை சேரும் நேரம் அந்த எல்லைக்குள் அடங்குமா என்பது பல உயிர்களைத் தீர்மானித்த கேள்வி.

ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் இரண்டாவது அடியும் விழும். இலங்கை மருத்துவர்கள் நிமல் சேனாநாயக்கவும் லட்சுமண் கரல்லியத்தவும் 1987இல் இதை விவரித்தார்கள். முதல் நெருக்கடி தணிந்தபின், நஞ்சு உட்சென்ற ஒன்று முதல் நான்கு நாளுக்குள் கழுத்தைத் தூக்க முடியாமல் தளர்ந்து, மூச்சுத் தசைகளும் செயலிழக்கும். உடனே செயற்கைச் சுவாசம் கொடுக்காவிட்டால் நோயாளி பிழைப்பதில்லை. இதற்கு இடைக்கால நோய்க்குறி என்று பெயர் வந்தது. அன்றிலிருந்து, தெளிந்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பாமல் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பது வார்டு வழக்கமானது.

மனிதரோடு பறவைகளும் விழுந்தன. பறவைக்கு மோனோகுரோட்டோபாஸ் இன்னும் கொடியது. 1995–96இல் அர்ஜென்டினாவின் பாம்பாஸ் புல்வெளியில் வெட்டுக்கிளிக்காக இதைத் தெளித்தபோது, அந்த வெட்டுக்கிளிகளைத் தின்ற ஸ்வைன்சன் பருந்துகள் ஏறத்தாழ 20,000 இறந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். கொங்கு நாட்டில் மயில் இறப்புகளிலும் பூச்சிமருந்தின் பங்கை ஆனைகட்டியிலுள்ள சாலிம் அலி மையம் ஆராய்ந்திருக்கிறது.

தெளிக்கத் தெளிக்கப் பூச்சியும் பழகிக்கொண்டது. பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, ஒட்டுண்ணிக் குளவி என்று பயிருக்குத் துணை நின்றவையெல்லாம் முதலில் அழிந்தன. எதிரி இல்லாத தோட்டத்தில் வெள்ளை ஈயும் காய்ப்புழுவும் பெருகின. 1980களில் பைரித்ராய்டு மருந்துகள் சேர்ந்தபின் நிலைமை மோசமானது. 1987இல் ஆந்திராவின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் பருத்தி அழிந்து உழவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி நாட்டை உலுக்கியது. நாட்டின் சாகுபடிப் பரப்பில் பருத்தி 5 சதவீதம்தான். பூச்சிமருந்தில் ஏறக்குறைய பாதியை அதுவே குடித்தது. 2002இல் காய்ப்புழுவை எதிர்க்கும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்தி அனுமதி பெற்றபின் காய்ப்புழுவுக்கான தெளிப்பு குறைந்தது. சாறு உறிஞ்சிகளுக்குப் பி.டி.யால் ஒன்றும் ஆகாது என்பதால் மோனோவின் இடம் முழுதாகக் காலியாகவில்லை. 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் ஆள் உயரப் பருத்தியில் மருந்தடித்த உழவர்களும் கூலியாட்களும் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதையடுத்து அம்மாநில அரசு தற்காலிகமாகத் தடுத்த மருந்துகளில் மோனோகுரோட்டோபாஸும் ஒன்று.

திருப்பூர் பனியனைப் போட்டுக்கொள்பவருக்கு இதனால் தீங்கு உண்டா என்ற கேள்வி ஏற்றுமதிச் சந்தையில் எழுந்தது. ஜவுளியில் தீங்கான பொருள்களைச் சோதிக்கும் ஓகோ-டெக்ஸ் தரச்சான்று 1992இல் வந்தது; அதன் பூச்சிமருந்துப் பட்டியலில் மோனோகுரோட்டோபாஸும் இருக்கிறது. நடைமுறையில் பஞ்சு காய்க்குள் மூடியிருக்கும்போதே பெரும்பாலான தெளிப்பு முடிந்துவிடுகிறது. எஞ்சியதும் வெயிலில் சிதைந்து, பிறகு காரக் கரைசலில் வேகவைத்துச் சாயமிடும்போது அழிந்துவிடும். வாங்குபவரின் தோலைக் காக்க ஆய்வகச் சான்று இருந்தது. தெளித்தவரின் தோலுக்கு அப்படியொரு சான்றை யாரும் கேட்கவில்லை. இந்த ஏற்றத்தாழ்வுதான் இந்த வரலாற்றில் மனத்தை அறுக்கும் பகுதி. நொய்யல் ஆற்றைக் கெடுத்த சாயக்கழிவைப் பற்றி நீதிமன்றம் வரை பேச முடிந்தது, அது ஆற்றில் நிறமாகத் தெரிந்தது. பருத்திக் கூலியின் நரம்பில் நடந்தது வெளியே தெரியவில்லை.

சட்டத்தின் வரலாறும் விபத்துகளைத் தொட்டே நகர்ந்தது. 1958இல் பம்பாயிலிருந்து வந்த கப்பலில் ஃபோலிடால் பீப்பாய்கள் கசிந்து கோதுமை மாவில் கலந்ததில், கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் விசாரணையே 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்கு வழிவகுத்தது. 2005இல் காய்கறிகளில் மோனோகுரோட்டோபாஸ் கூடாது என்று உத்தரவு வந்தது. ஆனால் கடையில் அதே புட்டி இருந்தது. பருத்திக்கு வாங்கியதைப் பக்கத்துக் கத்தரிக்கு அடிப்பதை எந்த அதிகாரியும் நின்று தடுக்க முடியாது. 2009இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் இதன் பயன்பாடு பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. 2013 ஜூலையில் பீகாரின் சாப்ரா அருகே பள்ளி மதிய உணவில் இந்த நஞ்சு கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள். பூச்சிமருந்துகளை மறு ஆய்வு செய்ய அதே ஆண்டு அமைந்த அனுபம் வர்மா குழுவின் பரிந்துரையில் 2018இல் மெத்தில் பாரத்தியான் உட்படப் பல மருந்துகள் தடையாயின. மோனோ அப்போதும் தப்பித்தது.

இலங்கை இதை 1995லேயே தடை செய்திருந்தது. அங்கே தடைகள் வரவர, மருந்து குடித்து இறப்போர் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது; நெல் விளைச்சல் குறையவில்லை. மனவேதனையின் ஒரு கணத்தில் கைக்கு எட்டும் பொருள் எவ்வளவு கொடியது என்பதே உயிர் பிழைப்பதைத் தீர்மானிக்கிறது என்று மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்ததை அந்த நாடு மெய்ப்பித்தது. தமிழ்நாடு அரசு இதே நோக்கத்தில் 2022–23இல் மோனோகுரோட்டோபாஸ், புரோபனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் முதலானவை அடங்கிய ஆறு மருந்துகளை 60 நாளுக்குத் தடுத்தது. 60 நாள் என்பதற்குக் காரணம் உண்டு: 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி மாநிலம் அவ்வளவு நாள்தான் தடுக்க முடியும், அதற்கு மேல் 30 நாள் மட்டும் நீட்டிக்கலாம். நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில்.

2023 ஆணையில் மத்திய அரசு மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலின் பதிவை நீக்கியது. ஏற்கெனவே தயாரான சரக்கை விற்றுத் தீர்க்க அவகாசம் கொடுத்தது. அந்நேரம் திருப்பூர் மாவட்டத்தில் பருத்தி சுருங்கியிருந்தது. பறிக்க ஆள் கிடைக்காமல், இருந்த ஆளும் பனியன் கம்பெனிக்குப் போய்விட, தோட்டங்கள் தென்னைக்கும் கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளத்துக்கும் மாறின. இன்று இங்குள்ள ஆலைகளுக்குத் தேவையான பஞ்சில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானா பக்கத்திலிருந்து வருகிறது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி.க்கும் பழகிவிட்ட அந்தக் காடுகளில் புரோபனோபாஸும் குயினால்பாஸும் இன்றும் தெளிக்கப்படுகின்றன. அதே குடும்பத்துக் குளோர்பைரிபாஸை 2025 மே மாதம், நீண்ட நாள் தங்கும் நச்சுப் பொருள்களுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை சில விலக்குகளோடு தன் ஒழிப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.